மண்டி விலை ஏபிஐ-ல 10 வரிக்கு மேல வரமாட்டேங்குது: ஈரோடு மஞ்சள் விலைப் பக்கம்

மஞ்சக்காடு:
வணக்கமுங்க. ஈரோடு, பெருந்துறை, கோபி, காங்கேயம் பக்கத்து மஞ்சள், கொப்பரை விலையெல்லாம் ஃபோன்ல ஒரே பக்கத்துல தெரியற மாதிரி சின்னதா ஒரு வெப் ஆப் செய்யறேன். மத்திய அரசோட டேட்டா.கவ்.இன் தளத்துல இருக்கற தினசரி மண்டி விலை ஏபிஐ-ல (ஒரு புரோகிராம் இன்னொண்ணுகிட்ட தரவு கேட்டு வாங்கற வழி) இருந்து எடுக்கறேன். லிமிட் (ஒரு தடவையில எத்தனை வரி வேணும்ங்கற எண்) 1000-னு கொடுத்தாலும் 10 வரிதான் வருது. போன வாரத் தேதி கொடுத்தா காலியா வருது. கிராஃப் சனி ஞாயிறுல சுழியத்துக்கு இறங்கிருது. இன்னொண்ணு, தேடல் பெட்டியில ‘கோபி’னு அடிச்சா ஒண்ணுமே வர்றதில்லை, ஆனா பக்கத்துல கண்ணு முன்னாடி கோபி இருக்குது. எங்க பிசகுதுங்க?

நொய்யல்கரை:
10 வரி மட்டும் வர்றது, தளத்துல மாதிரிக்குக் கொடுத்திருக்கற கீ-யாலங்க (கீ-ன்னா ஏபிஐ-யைக் கேக்கறப்ப கொடுக்கற அனுமதி எண்). தளத்துல இலவசமா பதிவு பண்ணி உங்க சொந்தக் கீ-ய எடுத்துப் போடுங்க. அப்புறமும் ஒரே தடவையில எல்லாம் வந்துரும்னு நம்பாதீங்க. ஆஃப்செட்டை (எத்தனாவது வரியில இருந்து வேணும்ங்கற எண்) ஏத்திக்கிட்டே போய், காலிப் பட்டியல் வர்ற வரைக்கும் லூப் ஓடட்டும். ஃபில்டர் மாநிலத்துக்கு மட்டும் போதும். மாவட்டம், மார்க்கெட்டெல்லாம் உங்க பக்கம் வந்ததுக்கப்புறம் பிரிச்சுக்கலாம். எழுத்துக்கூட்டு ஒரு நாள் மாறுனாலும் ஃபில்டர்ல வரி நழுவிரும், நழுவுனது உங்களுக்குத் தெரியவும் தெரியாது.

பழைய தேதி காலியா வர்றதுக்குக் காரணம், அந்த ஏபிஐ நடப்பு விலைய மட்டுந்தான் கொடுக்கும். அதனால டிசைனெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், இன்னைக்கு ராத்திரியே சேமிக்க ஆரம்பிச்சிருங்க. ஏபிஐ-ல இருந்து வந்த ஜேசனை (தரவு வர்ற எழுத்து வடிவம்) அப்படியே, கை வைக்காம, தேதி போட்ட ஃபைலா ஒரு ஃபோல்டர்ல வைங்க. அதுல இருந்து எஸ்க்யூலைட்டுக்கு (ஒரே ஃபைல்ல அடங்கற சின்ன டேட்டாபேஸ்) ஏத்துங்க. நாளைக்கு உங்க புரோகிராம்ல தப்பு கண்டுபிடிச்சாலும் மூல ஃபைல் இருந்தா திரும்ப ஏத்திக்கலாம், இல்லைன்னா அந்த நாள் போனது போனதுதான்.

டேபிள்ல மார்க்கெட், சரக்கு, ரகம், தரம், வரத்துத் தேதி (சரக்கு மார்க்கெட்டுக்கு வந்த தேதி) அஞ்சும் சேர்ந்து ஒரே யுனிக் கீ (ஒரு வரியை இன்னொண்ணுல இருந்து பிரிச்சுக் காட்டற அடையாளம், ஏபிஐ கீ வேற). அதே வரி மறுபடி வந்தா புதுசா சேர்க்காம மேல எழுதோணும். வரத்துத் தேதி நாள்/மாதம்/ஆண்டுன்னு வெறும் எழுத்தா வரும். அப்படியே வரிசைப்படுத்துனா 02/11 வந்து 15/03-க்கு முன்னால நிக்கும். ஆண்டு-மாதம்-நாள்னு மாத்தி வைங்க. ஸ்கிரிப்ட் ஓடுன தேதியை வரத்துத் தேதியா போட்றாதீங்க, ரெண்டும் ஒண்ணில்லை.

கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ்ல (உங்க ஸ்கிரிப்டை குறிச்ச நேரத்துல தானா ஓட்டற சேவை) ஓட்டறதா இருந்தா க்ரான் நேரத்தை (தினமும் ஓட வேண்டிய நேரம்) யூடிசி-ல, அதாவது உலகப் பொது நேரத்துல எழுதுங்க. நம்ம ராத்திரி 10:07 அங்க 16:37. சரியா மணி முள்ளுல வைச்சா கூட்டத்துல தள்ளிப்போகும், அதான் 37. ஏபிஐ கீ-ய கிட்ஹப்போட சீக்ரெட்ல (மத்தவங்க கண்ணுக்குப் படாம வைக்கற இடம்) வைங்க. பிரவுசர் ஜாவாஸ்கிரிப்ட்ல போட்டா ஊருக்கே கொடுத்த மாதிரி. பக்கத்துக்கு தினம் ஒரு தடவை தயாராகற ஜேசன் ஃபைல் போதும், சர்வரே வேண்டாம்.

சந்தைப்பேட்டை:
விலைப் பக்கம் நான் சொல்றேனுங்க. மஞ்சள்ல விரலியும் (விரல் மாதிரி நீளமானது) கிழங்கும் (உருண்டையானது) தனித்தனி வரி. ரெண்டையும் கூட்டி சராசரி போட்டு ‘மஞ்சள் விலை’னு காட்டுனீங்கன்னா அந்த விலைக்கு எந்தக் களத்துலயும் ஒரு மூட்டை கூட போகாது. குறைஞ்சது, அதிகபட்சம், மோடல்னு மூணு விலை வரும். பெருசா காட்ட வேண்டியது மோடல்தான், பெரும்பாலான சரக்கு கைமாறுன விலை அது. அதிகபட்ச விலை ஒரே ஒரு நல்ல லாட்டுக்குக் கிடைச்சதாவும் இருக்கலாம். அதைப் பாத்து ஒருத்தர் வண்டி கட்டிக்கிட்டு வந்து ஏமாறக்கூடாது.

விலை எல்லாம் குவிண்டாலுக்கு. கொப்பரைக்கு நம்மாளுக கிலோ கணக்குலதான் பேசுவாங்க, அதனால 100-ஆல வகுத்தும் பக்கத்துல காட்டுங்க. யாராவது கிலோ விலையவே குவிண்டால் கட்டத்துல ஏத்திட்டா, எடுத்துக்காட்டுக்கு 13,500 வர வேண்டிய இடத்துல 135 வந்து நிக்கும். அதே மார்க்கெட், அதே ரகத்துக்குக் கடைசி 7 ஏல நாள் இடைநிலை விலையை (வரிசைப்படுத்துனா நடுவுல நிக்கற விலை) எடுத்து, அதுல பாதிக்குக் கீழயோ ரெண்டு மடங்குக்கு மேலயோ போனா ‘சரிபார்க்கணும்’னு குறி போட்டு கிராஃப்ல இருந்து ஒதுக்குங்க. நீங்களா 100-ஆல பெருக்கித் திருத்தாதீங்க.

சனி ஞாயிறு சுழியம் வர்றது, விலை இல்லாத நாளை உங்க புரோகிராம் 0-ன்னு நிரப்பறதால. ஏலம் இல்லாத நாள் வெறுமையா இருக்கோணும், கிராஃப் கோடு அங்க அறுந்தே கிடக்கட்டும்.

உழவர் சந்தை வரிகளும் அதே பட்டியல்ல வரும். அது சில்லறை விலை. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்து ஏல விலையோட ஒரே கோட்டுல கலந்துராதீங்க.

வாய்க்கால்மேடு:
‘கோபி’ தேடல்ல வராத சங்கதி யூனிகோடுங்க (கம்ப்யூட்டர் எழுத்துக்குக் கொடுக்கற எண் முறை). ‘கோ’வை ஒரே உயிர்க்குறியாவும் எழுதலாம், ‘கே’ எழுதி அதுக்குப் பின்னால துணைக்கால் போட்டும் எழுதலாம். கண்ணுக்கு ஒண்ணு, கம்ப்யூட்டருக்கு ரெண்டு. சேமிக்கறப்பவும் தேடறப்பவும் ரெண்டு பக்கமும் என்எஃப்சி நார்மலைஸ் (ரெண்டு விதமா எழுதுனதை ஒரே வடிவத்துக்கு மாத்தறது) பண்ணுங்க, சேர்ந்துரும். ஆனா ‘கௌ’-வை ‘கெ’ போட்டு ‘ள’ அடிச்சிருந்தா என்எஃப்சி திருத்தாது, ஏன்னா அங்க இருக்கறது நெசமாவே ள எழுத்து. கவுந்தப்பாடி, கௌந்தப்பாடி, கெள-ன்னு தப்பா அடிச்சது மூணையும் கையால மாற்றுப்பெயர்ப் பட்டியல்ல சேர்த்துருங்க. கோபின்னாலும் கோபிசெட்டிபாளையம்னாலும் ஒரே ஊருக்குப் போகோணும். ஒவ்வொரு ஊருக்கும் எல்ஜிடி எண்ணை (மத்திய அரசோட உள்ளாட்சிப் பட்டியல்ல ஊருக்குக் கொடுத்திருக்கற எண்) அடையாளமா வைச்சுட்டா எழுத்துக்கூட்டு எப்படி வந்தாலும் கவலையில்லை.

காங்கேயம், தாராபுரத்துக்கு இன்னொரு வில்லங்கம் இருக்குது. 2009-ல திருப்பூர் மாவட்டம் வர்ற வரைக்கும் ரெண்டும் ஈரோட்டுல. அவிநாசி, பல்லடம், உடுமலை கோயமுத்தூர்ல. பழைய புள்ளிவிவரத்தைச் சேர்க்கறப்ப மாவட்ட மொத்தத்தை ஒப்பிட்டீங்கன்னா ஈரோடு திடீர்னு சரிஞ்ச மாதிரி தெரியும். தாலுகா அளவுல பிரிச்சு இன்னைக்கு இருக்கற எல்லைக்குக் கூட்டுங்க. தாலுகாக் கணக்கு கிடைக்காத வருசத்தை ஒப்பிடவே வேண்டாம்.

மஞ்சக்காடு:
நன்றிங்க எல்லாருக்கும். கீ மாத்துனதும் முழுசா வந்துருச்சு, கோபியும் கிடைக்குது. இந்த டேட்டாவை இப்படி வெளியிட அனுமதி ஏதாவது வாங்கோணுமா?

நொய்யல்கரை:
தனியா வாங்க வேண்டியதில்லைங்க. 2017-ல வந்த இந்திய அரசு திறந்த தரவு உரிமம் வணிகப் பயன்பாட்டுக்கும் விடுது. மூலத்தைச் சொல்லோணும், அவ்வளவுதான். அரசு முத்திரை, லோகோ போடாதீங்க, அரசே நடத்தற பக்கம்னு தோணற மாதிரியும் இருக்கக்கூடாது. பக்கத்தோட அடியில தரவுத் தொகுப்போட பேரு, வெளியிட்ட துறை, இணைப்பு, உரிமத்தோட பேரு நாலும் வரட்டும். வரத்துத் தேதியை மட்டும் அடியில போடாம விலைக்குப் பக்கத்துலயே, அதே அளவு எழுத்துல போடுங்க.