விற்காமல் விடுவதும் சேவைதானா? இக்னிஷன் பாகத் தயாரிப்பாளர்கள் பற்றி ஒரு விவாதம்

நெடுவழியன்:

இருபது நிமிடம் ஓடியதும் தானாக நின்றுவிடும் மோட்டார் சைக்கிளோடு மூன்று மாதங்கள் அல்லாடினேன். இன்ஜின் ஆறிவிட்டால், ஒன்றுமே நடக்காததுபோல ஒரே உதையில் கிளம்பிவிடும். பிளக்கை மாற்றினேன், பிளக் தொப்பியை மாற்றினேன், அதன்பின் பிளக்குக்கு உயர் அழுத்த மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலையும் மாற்றினேன். குறை அப்படியே இருந்தது. இனி மிஞ்சியிருப்பது பிளக்கில் பொறி எழுவதை இயக்கும் மின்னணுப் பெட்டியான சிடிஐதான் என்று முடிவுகட்டி, அதைத் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றுக்கு, என் வண்டிக்குப் பொருந்தும் எண்ணைக் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினேன்.

மறுநாளே பதில் வந்தது. எண்ணைக் கொடுத்திருந்தார்கள். ஆனால் வாங்குவதற்கு முன், ஸ்டேட்டரில், அதாவது இன்ஜினில் மின்சாரம் உண்டாக்கும் காயில் தொகுப்பில், சிடிஐக்கு மின்சாரம் தரும் சோர்ஸ் காயிலின் மின்தடையை வண்டி ஆறியிருக்கும்போது ஒருமுறையும், சூடேறி நின்ற உடனே ஒருமுறையும் அளந்து எழுதுமாறு கேட்டிருந்தார்கள். செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் ஏறத்தாழ 0.4 சதவீதம் கூடும் என்பதால், ஆறிய நிலையில் 300 ஓம் காட்டும் காயில் மேலும் 80 டிகிரி சூடேறினால் 390 ஓம் அளவுக்குக் காட்டுவது இயல்பே என்றும், அதைக் கண்டு பழுது என்று நினைத்துவிட வேண்டாம் என்றும் அந்தத் தொழில்நுட்ப ஊழியர் விளக்கியிருந்தார்.

அவர் சொன்னபடியே செய்தேன். வண்டி நின்றதும் சாலையோரத்திலேயே இணைப்பைக் கழற்றி மல்டிமீட்டரின் முனைகளை வைத்தேன். எண் எதுவும் வரவில்லை. கம்பி அறுந்திருந்தால் வரும் குறியீடுதான் திரையில் நின்றது. முனைகளை எடுக்காமல் காத்திருந்தேன். கால் மணி நேரம் போயிருக்கும், காலையில் 300 காட்டிய அதே காயிலில் திடீரென 340 என்ற எண் தோன்றியது. இணைப்பை மாட்டி உதைத்தேன், வண்டி கிளம்பிவிட்டது.

இதை எழுதி அனுப்பியதும் வந்த பதில் இதுதான்: சிடிஐ மேல் சந்தேகப்பட இப்போது காரணம் இல்லை, வாங்க வேண்டாம்; உங்கள் வண்டியின் ஸ்டேட்டரை நாங்கள் தயாரிப்பதில்லை என்பதால், காயில் சுற்றுபவரிடம் அந்த ஒரு காயிலை மட்டும் புதிதாகச் சுற்றச் சொல்லுங்கள்; ஸ்டேட்டரைச் சுற்றிச் சுழலும் மேக்னெட் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டிக் கழற்றினால் காந்தங்கள் பெயர்ந்துவிடும், அதற்கென உள்ள புல்லரையே பயன்படுத்துங்கள்.

எனக்கு ஒரு பொருளையும் விற்காமல் என் குறையைத் தீர்த்து வைத்த இந்த நிறுவனம் செய்ததுதான் நல்ல வாடிக்கையாளர் சேவை என்பது என் கருத்து. இக்னிஷன் பாகம் தயாரிக்கும் எவரும் இதைக் கடமையாகவே கொள்ள வேண்டும்.

பட்டறைக்காரர்:

வண்டி சரியானதில் மகிழ்ச்சி, நண்பரே. ஆனால் இதைக் கடமை என்று நீங்கள் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. சூடேறினால் நின்று ஆறினால் கிளம்பும் வண்டியைக் கண்டால் சோர்ஸ் காயிலையும், பொறி எழ வேண்டிய நேரத்தைச் சைகையாகச் சொல்லும் பிக்கப் காயிலையும் முதலில் சந்தேகிக்க வேண்டும் என்பது பட்டறையில் ஓரிரு ஆண்டு வேலை பார்த்தவருக்கே தெரியும். அந்த வேலையைச் செய்யத்தான் நாங்கள் இருக்கிறோம். தயாரிப்பாளர் செய்ய வேண்டிய சேவை பெட்டிக்குள் இருக்கும் பொருளில் இருக்கிறது: காற்றுக்குமிழி இல்லாமல் வார்த்த ரெசின், சூட்டைத் தாங்கும் எனாமல் பூச்சு, வண்டியின் அதிர்வில் விட்டுப்போகாத ஈயப்பற்று. இவற்றில் கோட்டை விட்டுவிட்டு, மின்னஞ்சலுக்கு மட்டும் இனிமையாகப் பதில் எழுதுகிற நிறுவனங்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

இதைவிடப் பெரிய கவலை ஒன்று எனக்கு உண்டு. மல்டிமீட்டர் தன்னுள் இருக்கும் பேட்டரியிலிருந்து சில வோல்ட்டை மட்டுமே கொடுத்து மின்தடையை அளக்கிறது. இக்னிஷன் காயிலில் பிளக்குக்கு மின்சாரம் தரும் இரண்டாம் சுற்றில் ஓட்டத்தின்போது எழுவதோ பல்லாயிரம் வோல்ட். அந்த அழுத்தத்தில் மட்டும் காப்பு (இன்சுலேஷன்) கசிகிற காயிலை மீட்டரில் வைத்தால், எண் அப்பழுக்கில்லாமல் வரும். நேரில் பார்க்காமல் எழுத்து வழியாக நோய் கண்டுபிடிப்பது உங்களுக்குப் பலித்துவிட்டது. எண் சரியாக இருக்கிறது என்பதை நம்பி, கெட்டுப்போன காயிலை நல்லது என்று ஒருவர் வைத்துக்கொண்டால் அதற்கு யார் பொறுப்பு? பதில் எழுத ஆள் வைக்கும் செலவும் பாகத்தின் விலையில்தான் ஏறுகிறது. ஒருநாளும் கேள்வி கேட்காதவரும் அதைச் சுமக்கிறார்.

சுருள்கம்பி:

நான் காயில் சுற்றுபவன். பட்டறைக்கார ஐயா சொல்லும் காப்புக் கசிவு உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் பொறுப்பு யாருடையது என்ற கேள்வியைச் சற்றுப் பின்னாலிருந்து பார்க்க வேண்டும்.

சிடிஐக்கு முன், திறந்து மூடிப் பொறியை எழுப்பும் முனைகளான காண்டாக்ட் பாயிண்ட் இருந்த வண்டியில் மூடியைத் திறந்தால் கருகிய முனை கண்ணுக்குத் தெரியும். அதை நன்றாகத் தேய்த்து, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜை விட்டு 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர் இடைவெளி வைத்தால் பெரும்பாலும் வண்டி ஓடும். முனைகளில் எழும் பொறியை அடக்கும் கண்டன்சர் போய்விட்டால், முனைகளுக்கு நடுவே அளவுக்கு மீறிப் பறக்கும் பொறியே காட்டிக்கொடுக்கும். வண்டிக்காரர் தாமே பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி அந்த அமைப்பு இருந்தது. சிடிஐ வந்தபின் அந்த வேலை ஒரு கருப்புப் பெட்டிக்குள் போய்விட்டது. சோர்ஸ் காயில் தரும் மின்சாரத்தால் கபாசிட்டர் சில நூறு வோல்ட் வரை நிரம்புகிறது, பிக்கப் காயிலின் சைகை வந்ததும் மின்னணு சுவிட்சான தைரிஸ்டர் திறக்கிறது, நிரம்பியிருந்ததெல்லாம் ஒரே வீச்சில் இக்னிஷன் காயிலுக்குள் பாய்கிறது. இத்தனையும் ரெசினில் புதைந்து கிடக்கின்றன. பெட்டியைப் பிளந்தால் அது குப்பைக்குத்தான் போகும். கண்ணால் பார்த்து அறியும் வழியை அடைத்து அந்தப் பெட்டியைச் செய்தவர், அளந்து அறியும் வழியையாவது கேட்பவருக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும். இதை நான் சலுகையாக நினைக்கவில்லை.

கடைமேசை:

உதிரிபாகக் கடையில் விற்பனை மேசையில் நிற்பவன் என்ற முறையில் ஒன்று சொல்ல விரும்புகிறேன். மின் பாகங்கள் திரும்பப் பெறப்படமாட்டா என்று எழுதி வைத்திருப்பதைப் பார்த்துப் பலர் கோபப்படுகிறார்கள். மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கெட்டுப்போன வண்டியிலோ, பேட்டரி முனைகளை மாற்றிப் பொருத்திய வண்டியிலோ புது சிடிஐயை மாட்டினால், அது அந்த நொடியே எரிந்துபோகக்கூடும். வெளியில் ஒரு கீறல்கூடத் தெரியாது. அதைத் தயாரிப்பாளர் மாற்றித் தர வேண்டும் என்று கேட்பது நியாயமல்ல. ஆகவே, கேட்டதெல்லாம் கொடுப்பதை நல்ல சேவை என்று நாம் நினைத்துவிடக் கூடாது.

நான் மதிக்கும் சேவை வேறு வகையானது. சோர்ஸ் காயிலிலிருந்து நேரடியாக இயங்கும் ஏசி சிடிஐயும், பேட்டரியின் 12 வோல்ட்டில் இயங்கும் டிசி சிடிஐயும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும். சிலவற்றில் இணைப்பு வாயும் ஒன்றுதான். டிசி பெட்டியை ஏசி வண்டியில் மாட்டினால் 12 வோல்ட்டை எதிர்பார்க்கும் இடத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட வோல்ட் நுழையும், பெட்டி தீர்ந்தது. ஒரு நிறுவனம் தன் பெட்டிகளின் மேலேயே எது எந்த வகை என்று பெரிய எழுத்தில் பதித்து, இரண்டுக்கும் உறையின் நிறத்தையும் மாற்றி அனுப்பத் தொடங்கியபின், எங்கள் மேசையில் அந்தக் குழப்பம் நின்றுவிட்டது. யாரும் யாருக்கும் கடிதம் எழுத வேண்டிய தேவையே எழவில்லை.

நெடுவழியன்:

கடைமேசை நண்பர் சொன்ன நிறமாற்றத்தை முழு மனதோடு ஏற்கிறேன். பட்டறைக்காரர் எழுப்பிய காப்புக் கசிவுக் கேள்விக்கு விடையும் அந்த நிறுவனத்தின் முதல் கடிதத்திலேயே இருந்தது. சுருக்கம் கருதி நான்தான் விட்டுவிட்டேன். மீட்டரில் வரும் எண் தவறாக இருந்தால் காயில் கெட்டது என்று கொள்ளலாம், எண் சரியாக இருப்பதால் மட்டும் காயில் நல்லது என்று கொள்ளக் கூடாது என அவர்கள் தெளிவாக எழுதியிருந்தார்கள். அதற்கான சோதனையாக, இடைவெளியைக் கூட்டிக் குறைக்கக்கூடிய பொறிச் சோதனைக் கருவியை எர்த்தில், அதாவது இன்ஜின் உலோகத்தில், நன்றாகப் பிடித்துவைத்து, 6 மில்லிமீட்டர் தாண்டிப் பொறி பாய்கிறதா என்று பார்க்கச் சொன்னார்கள். பிளக் தொப்பியை வெறுமனே தொங்கவிட்டு உதைக்க வேண்டாம், வெளியேற வழியில்லாத மின்சாரம் காயிலுக்கு உள்ளேயே பாய்ந்து அதைக் கெடுத்துவிடும் என்ற எச்சரிக்கையும் அதில் இருந்தது. தாம் சொல்லும் சோதனையின் எல்லையையும் சேர்த்துச் சொல்பவரை நான் நம்புகிறேன்.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. நான் வீணாக வாங்கிய இக்னிஷன் காயில் வேறொரு நிறுவனத்துடையது. அதன் பெட்டியில் பாக எண்ணைத் தவிர வேறொன்றும் இல்லை. இருக்க வேண்டிய மின்தடை எவ்வளவு என்பதுகூட அச்சிடப்படவில்லை. பழைய காயில் நல்ல நிலையில்தான் இருந்தது என்பதை அதைக் கழற்றி எறிந்தபின் தெரிந்துகொண்டேன். பதில் எழுதும் ஊழியரின் சம்பளம் விலையில் ஏறுகிறது என்றால், பதில் கிடைக்காமல் யூகத்தில் வாங்கும் பாகங்களின் விலையையும் நாம்தானே கொடுக்கிறோம்?

பட்டறைக்காரர்:

சோதனையின் எல்லையைச் சொல்லியிருந்தார்கள் என்றால், என் முதல் கேள்வியைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் அடிப்படை எதிர்ப்பு மாறவில்லை. ஒரு பிக்கப் காயிலுக்கும் மேக்னெட் சக்கரத்தின் மேல் உள்ள புடைப்புக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று ஒரு தயாரிப்பாளரிடம் கேட்டேன். முன்பெல்லாம் அங்கே ஒருவர் உடனே விடை சொல்வார். அவர் விலகிப்போனபின், உங்கள் விற்பனையாளரை அணுகுங்கள் என்ற ஒரே வரிதான் எனக்கு வந்தது. அந்த வண்டி நான்கு நாட்கள் பட்டறையில் கிடந்தது. நீங்கள் புகழ்வது ஒரு மனிதரின் அக்கறையை. அவர் போனால் அதுவும் போய்விடும். மின்தடை, இடைவெளி, கம்பி நிறங்கள், கம்பி எங்கே எதனுடன் சேர்கிறது என்ற படம், இவை ஒரு தாளில் அச்சாகி ஒவ்வொரு பெட்டியிலும் வந்தால், ஊழியர் மாறினாலும் எங்கள் வேலை நிற்காது. கேட்டால் சொல்வோம் என்பதைவிட, கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவது உயர்ந்த சேவை என்பேன்.

சுருள்கம்பி:

தாள் வேண்டும் என்பதில் எனக்கும் உடன்பாடு உண்டு, ஐயா. ஆயினும் தாள் நம்மைத் திருப்பிக் கேள்வி கேட்காது. சென்ற மாதம் ஒருவர் இதே அறிகுறியோடு ஸ்டேட்டரைக் கழற்றி எடுத்துவந்து, சோர்ஸ் காயிலைச் சுற்றித் தரச் சொன்னார். அளந்தேன், சூடாக்கியும் அளந்தேன், எண்கள் இருக்க வேண்டியபடியே இருந்தன. ஹேண்டில்பாரைத் திருப்பும்போது எப்போதாவது நின்றதுண்டா என்று கேட்டேன். யோசித்துவிட்டு ஆம் என்றார். வண்டியைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தால், இன்ஜினை நிறுத்தும் கில் சுவிட்சுக்குப் போகும் கம்பி பிரேம் கழுத்தில் உராய்ந்து, ஒரு நகக்கண் அளவுக்குச் செம்பு பளபளத்துக்கொண்டிருந்தது. அது பிரேமில் பட்டபோதெல்லாம் சிடிஐ எர்த்தாகி நின்றிருக்கிறது. எந்த அட்டவணையைப் பார்த்தும் அவர் அதைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

பட்டறைக்காரர்:

கில் சுவிட்சுக் கம்பியை நானும் தவறவிட்டிருக்கிறேன். அதை மறைக்க வேண்டியதில்லை. தாளும் வேண்டும், அதற்கு மேல் கேட்பவருக்கு விடை சொல்ல ஆளும் வேண்டும் என்றால் எதிர்க்கமாட்டேன். தாளைக் கொடுக்காமல் ஆளை மட்டும் காட்டும் நிறுவனத்தைப் பாராட்டமாட்டேன். நெடுவழியரே, உங்களுக்கு எழுதியவர்கள் இக்னிஷன் காயிலில் சிடிஐயிலிருந்து மின்சாரம் பெறும் முதல் சுற்றை எப்படி அளக்கச் சொன்னார்கள் என்பதையும் இங்கே பதிய முடியுமா? சிடிஐ வண்டிகளில் அது ஒரு ஓமுக்கும் குறைவாகவே இருப்பதால், என்னிடம் வேலை கற்கும் பையன்கள் ஒவ்வொருமுறையும் ஒவ்வோர் எண்ணைச் சொல்கிறார்கள்.

நெடுவழியன்:

அவர்கள் எழுதியபடியே தருகிறேன். மீட்டரை மிகக் குறைந்த ஓம் அளவில் வைத்து, முதலில் அதன் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று அழுத்திப் பிடிக்க வேண்டும். அப்போது வரும் எண், 0.3 என்று வைத்துக்கொள்வோம், மீட்டர் கம்பிகளுக்கே உரியது. காயிலை அளந்தபின் வரும் எண்ணிலிருந்து அதைக் கழித்துவிட வேண்டும். காயிலின் இரண்டு இணைப்புகளையும் கழற்றிவிட்டு, தகட்டில் துரு இருந்தால் சுரண்டிவிட்டு, இரண்டு மூன்று முறை அளக்க வேண்டும். கழிக்காமல் சொல்வதாலும் துருவின் மேல் வைப்பதாலும்தான் எண்கள் மாறுகின்றன என்று எழுதியிருந்தார்கள்.

உங்கள் தாள் யோசனையை இன்று அவர்களுக்கு அனுப்பியிருக்கிறேன். பிக்கப் காயில் இடைவெளியையும் அதில் சேர்க்க வேண்டும் என்று குறிப்பிட்டிருக்கிறேன். பதில் வந்ததும் இதே இழையில் பதிகிறேன்.