அம்மாவின் தைராய்டு ரிப்போர்ட்

காலை 7:10

வசந்தி அக்கா: (படம்) அம்மாவின் ரிப்போர்ட் வந்துவிட்டது. டி.எஸ்.எச். 7.2. பக்கத்தில் ‘அதிகம்’ என்று குறி போட்டிருக்கிறார்கள். மீனா, எழுந்ததும் பார்.

ரவி அண்ணா: போன வருட ரிப்போர்ட் என்னிடம் இருக்கிறது. அதில் ஃப்ரீ டி4 14.2. இப்போது வெறும் 1.1!! பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இவ்வளவு நாள் யாரும் கவனிக்கவில்லையா?

கீதா அண்ணி: ஐயோ

செந்தில்: ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டுமா

சரோஜா அத்தை: அண்ணிக்குக் கழுத்தில் கட்டி என்று நேற்றே கேள்விப்பட்டேன்

வசந்தி அக்கா: யார் சொன்னது அத்தை?

சரோஜா அத்தை: கீதாதான் போனில் சொன்னாள்

கீதா அண்ணி: கழுத்து வலி என்றுதானே சொன்னேன் அத்தை. தலையணை மாற்றியதில் வந்த வலி.

மீனா: கட்டி எதுவும் இல்லை. யாரும் வெளியே சொல்ல வேண்டாம். ரவி அண்ணா, இரண்டு ரிப்போர்ட்டிலும் எண்ணுக்குப் பக்கத்தில் என்ன அலகு என்று பாருங்கள். போன வருடம் எடுத்தது வேறு லேப். அங்கே லிட்டருக்கு இத்தனை பிகோமோல் என்று கொடுப்பார்கள். இங்கே டெசிலிட்டருக்கு இத்தனை நானோகிராம். 1.1 ஐ 12.87 ஆல் பெருக்குங்கள்.

ரவி அண்ணா: 14.157

ரவி அண்ணா: ஓ. அப்படியென்றால் குறையவே இல்லையா?

மீனா: குறையவே இல்லை. அங்குலத்தில் அளந்ததையும் சென்டிமீட்டரில் அளந்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பயந்துவிட்டீர்கள். எங்கள் லேப்பிலும் இதே கேள்வியோடு வருகிறவர்கள் உண்டு.

செந்தில்: 👍 என் கண்ணாடிப் பெட்டி யார் வீட்டில் இருக்கிறது? நான்கு நாளாகத் தேடுகிறேன்

வசந்தி அக்கா: அப்போது 7.2 என்பது என்ன மீனா? அதுவும் அலகுக் குழப்பம்தானா?

மீனா: இல்லை அக்கா, அது உண்மையிலேயே கொஞ்சம் அதிகம்தான். ஆனால் டி.எஸ்.எச். தைராய்டில் சுரப்பதே இல்லை. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரிச் சுரப்பிதான் அதை அனுப்புகிறது, ‘இன்னும் சுர, இன்னும் சுர’ என்று தைராய்டை விரட்டுவதற்கு. தைராய்டு மந்தமானால் விரட்டல் கூடும், அது அளவுக்கு மீறிச் சுரந்தால் விரட்டல் அடங்கிவிடும். அதனால் இந்த எண்ணைத் தலைகீழாகப் படிக்க வேண்டும். அதிகம் என்றால் தைராய்டு குறைவாக வேலை செய்கிறதோ என்று சந்தேகம், குறைவு என்றால் அதிகமாகச் சுரக்கிறதோ என்று சந்தேகம். பெரும்பாலான லேப்கள் சுமார் 0.4 முதல் 4 அல்லது 4.5 வரை சரி என்கின்றன. வயது ஏற ஏற மேல் எல்லையும் கொஞ்சம் ஏறும். அம்மாவுக்கு 74. இந்த வயதில் 6, 7 என்று வருவது அபூர்வம் இல்லை. தைராய்டு சுரக்கும் ஹார்மோன்தான் டி4. அது அம்மாவுக்குச் சரியாகவே இருக்கிறது.

செந்தில்: சுருக்கமாக அக்கா

மீனா: தைராய்டு வேலை செய்கிறது. மூளை கொஞ்சம் அதிகமாக விரட்டுகிறது.

சரோஜா அத்தை: இதற்கு ஏன் இவ்வளவு பேச்சு. எனக்கு 50 மைக்ரோகிராம் மாத்திரை இருந்தது, டாக்டர் 75 ஆக்கிவிட்டார். பழையது ஒரு பாட்டில் அப்படியே இருக்கிறது. அண்ணிக்குக் கொடுத்து அனுப்புகிறேன்.

கீதா அண்ணி: நல்ல யோசனை அத்தை

மீனா: வேண்டவே வேண்டாம் அத்தை. கோபித்துக்கொள்ளாதீர்கள். அம்மா ஏற்கனவே இதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். தைராய்டு ஹார்மோன் தேவைக்கு மேல் போனால் நெஞ்சு படபடக்கும், இதயத் துடிப்பு தாறுமாறாகும், நாளாக ஆக எலும்பும் தேயும். மாத்திரை தேவை என்றே முடிவானாலும், இதய நோய் இருக்கும் வயதானவர்களுக்கு 12.5 அல்லது 25 இல் ஆரம்பித்து மெதுவாகத்தான் ஏற்றுவார்கள். டி.எஸ்.எச். 10 ஐத் தாண்டினால் மாத்திரைப் பேச்சு வலுவாகும். இப்போதைய எண்ணுக்குப் பெரும்பாலும் பொறுத்திருந்து மறுபடி பார்ப்பதுதான் வழக்கம்.

சரோஜா அத்தை: சரி, நான் எதுவும் சொல்லவில்லை

ரவி அண்ணா: பொறுத்திருந்து பார்க்கலாம், பொறுத்திருந்து பார்க்கலாம் என்றுதான் அப்பா விஷயத்திலும் விட்டோம்.

வசந்தி அக்கா: விட்டோம் என்றால் யார் அண்ணா? ஆறு மாதம் அப்பாவோடு அலைந்தது நான்.

ரவி அண்ணா: உன்னைக் குறை சொல்லவில்லை

வசந்தி அக்கா: எப்போதும் இப்படித்தான் சொல்வீர்கள்

கீதா அண்ணி: காலையிலேயே வேண்டாமே

மீனா: அண்ணா, அக்கா, இது அந்த மாதிரிப் பொறுத்திருப்பது இல்லை. அம்மா நிமோனியாவில் படுத்து எழுந்து இன்னும் மூன்று வாரம்கூட ஆகவில்லை. பெரிய நோயிலிருந்து உடம்பு தேறும்போது டி.எஸ்.எச். தற்காலிகமாக ஏறும். மறந்தே போனோம் பாருங்கள். இப்போது மாத்திரையைத் தொடங்கிவிட்டால், தானே இறங்கியிருக்குமா என்று தெரியாமலே போய்விடும். இரண்டு மாதம் கழித்து, அதே லேப்பில், அதே காலை நேரத்தில் மறுபடி எடுக்கலாம். டி.எஸ்.எச். நேரத்துக்கு நேரம் மாறும். இரவிலும் விடியற்காலையிலும் அதிகம், மதியம் குறைவு. கூடவே ஆன்டி டி.பி.ஓ. என்ற ஆன்டிபாடி டெஸ்ட்டும் எடுக்கலாமா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும். அது இருந்தால், உடம்பே தைராய்டைத் தாக்கும் ஹஷிமோட்டோ நோயாக இருக்க வாய்ப்பு அதிகம். ஜப்பானிய டாக்டர் ஹஷிமோட்டோ 1912 இல் முதலில் விவரித்த நோய். அப்படியிருந்தால் பிற்காலத்தில் சுரப்பு குறையலாம் என்று முன்கூட்டியே தெரியும்.

திவ்யா: சித்தி, என்னுடையதையும் பார்க்கிறீர்களா? டி.எஸ்.எச். 0.2, ஃப்ரீ டி4 கொஞ்சம் அதிகம். ஆனால் எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை

வசந்தி அக்கா: நீ எப்போது டெஸ்ட் எடுத்தாய்? என்னிடம் சொல்லவே இல்லை

திவ்யா: சொன்னால் நீங்கள் தூங்க மாட்டீர்கள் அம்மா

மீனா: முடிக்கு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாயா திவ்யா? பயோட்டின்?

திவ்யா: ஆமாம், 10 மில்லிகிராம். முடிக்கும் தைராய்டுக்கும் என்ன சம்பந்தம்?

மீனா: தைராய்டோடு இல்லை, டெஸ்ட்டோடுதான் சம்பந்தம். பல லேப் முறைகளில் பயோட்டினை வைத்துத்தான் அளப்பார்கள். ரத்தத்தில் அது நிறைய இருந்தால் டி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்தும் டி4 பொய்யாக ஏறியும் காட்டும். குறைந்தது இரண்டு நாள் நிறுத்திவிட்டு மறுபடி எடு. டாக்டரிடம் இந்த மாத்திரையைப் பற்றி நீயே சொல், அவர்கள் கேட்க மறந்தாலும். அப்போதும் 0.2 என்றே வந்தால் சும்மா இருக்கக் கூடாது.

திவ்யா: சரி சித்தி ❤️

வசந்தி அக்கா: அந்த டப்பாவை எடுத்து வை, நான் பார்க்கிறேன்

ரவி அண்ணா: சரி. அம்மாவை வியாழக்கிழமை யார் கூட்டிப் போவது?

செந்தில்: எனக்கு அன்று ஷிஃப்ட்

கீதா அண்ணி: நான் போகலாம், ஆனால் டாக்டர் கேட்பதற்கு எனக்குப் பதில் தெரியாது

வசந்தி அக்கா: கடைசியில் நான்தான்

அம்மா: எல்லாவற்றையும் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். என் கழுத்து, என் ரத்தம். என்னை ஒருவரும் கேட்கவில்லை. வியாழன் வேண்டாம், வெள்ளி. டாக்டரிடம் நானே பேசுவேன், கூட ஒருவர் வந்தால் போதும்.

மீனா: சரி அம்மா

அம்மா: சரோஜா, அந்தப் பாட்டிலை வைத்திருக்காதே, தூக்கிப் போடு

சரோஜா அத்தை: சரி அண்ணி

ரவி அண்ணா: வெள்ளி எனக்கு மீட்டிங். தள்ளிவைக்க முடியுமா என்று மதியம் சொல்கிறேன்.

மீனா: யார் போனாலும் இரண்டு வருட ரிப்போர்ட்டும், ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் காகிதமும், அம்மா சாப்பிடும் எல்லா மாத்திரையும் கையில் இருக்கட்டும். கால்சியம் மாத்திரையையும் விட வேண்டாம். பிற்பாடு தைராய்டு மாத்திரை கொடுத்தால் இரண்டுக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும்.

வசந்தி அக்கா: டிஸ்சார்ஜ் காகிதம் ரவி அண்ணாவிடம்தானே?

ரவி அண்ணா: என்னிடமா? உன்னிடம் கொடுத்தேனே

அம்மா: செந்தில், உன் கண்ணாடிப் பெட்டி என் அலமாரியில் இருக்கிறது. காகிதமும் அதற்கு அடியில்தான் இருக்க வேண்டும்.

செந்தில்: எந்த அலமாரி அம்மா?