அப்டேட்: குவார்டெட்ல ஃப்ளாஷ்பேக் ஒருவழியா செட் ஆச்சு

நான் எழுதற ஸ்ட்ரிங் குவார்டெட்ல (ரெண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ, நாலு பேர் வாசிக்கிற இசை) சினிமா மாதிரி ஃப்ளாஷ்பேக் வச்சா வெறும் ரிப்பீட் மாதிரிதான் கேக்குதுன்னு புலம்பியிருந்தேன்ல, அதுக்கு ஒருத்தர் அமெரிக்க இசையமைப்பாளர் எலியட் கார்ட்டரோட முதல் குவார்டெட் (1951) கேளுங்கன்னார், கேட்டேன், அங்கதான் புரிஞ்சுது. பிரெஞ்சு இயக்குநர் காக்தோ படம் ஒண்ணுல புகைபோக்கி இடிஞ்சு விழ ஆரம்பிக்கும், படம் முடியறப்பதான் முழுசா விழும், நடுவுல நடக்கிறதெல்லாம் அந்த ஒரு நொடிக்குள்ள. கார்ட்டர் அதையே செல்லோ சோலோவா ஆரம்பிச்சு, பாதில விட்டு, கடைசில வயலின் கையில முடிக்கிறார்.

நானும் (காப்பிதான், ஒத்துக்கறேன்) வியோலா மெலடிய பாதில வெட்டிட்டேன், திரும்பி வரும்போது நாலு பேரும் மியூட் (சத்தத்த அமுக்க தந்தி கிட்ட மாட்டற சின்ன கிளிப்) போட்டு வாசிக்கிறாங்க, பழைய ஞாபகம்னு உடனே தெரியுது. கிராஸ் கட்டிங் (ரெண்டு காட்சிய மாத்தி மாத்தி காட்டற சினிமா உத்தி) மட்டும் இன்னும் சொதப்பல், டெம்போ மாத்த மூச்சு விடக்கூட இடமில்லன்னு செல்லோக்காரர் திட்டறார்.