மறு: மரச்செதுக்கு ஓவியமா, கட்டையச்சுப் படமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

மரக்கட்டையில் செதுக்கித் தாளில் அச்சிடும் ஜப்பானியப் படங்களுக்கும் அவை சார்ந்த சொற்களுக்கும் நம் குழுவில் தமிழ்ப் பெயர் தேடிவருகிறோம். அந்தப் படங்களுக்குக் குழுவின் ஐயா ஒருவர் நேற்று முன்வைத்த ‘மரச்செதுக்கு ஓவியம்’ சொல்ல எளிதாக இருக்கிறது. ஆனால் எனக்கு அதில் உடன்பாடில்லை. படிக்கிறவருக்குத் தேர்ச் சிற்பம் போல மரத்திலேயே இருக்கும் உருவம்தான் மனத்தில் வரும். எடோ நகரத்துக் (இன்றைய டோக்கியோ) கடைகளில் மக்கள் வாங்கிப்போனது தாளை.

அந்தத் தாளுக்குப் பின்னால் பல கைகள். ஓவியர் மெல்லிய தாளில் கோட்டுப்படம் வரைந்து கொடுப்பார். செதுக்குபவர் அதைக் காட்டுச் செர்ரிப் பலகையில் கவிழ்த்து ஒட்டி, கோடுகளை விட்டுவிட்டு மற்ற இடங்களைத் தோண்டி எடுப்பார். நிறங்களுக்குத் தனித்தனிக் கட்டைகள் உண்டு. அச்சிடுபவர் கட்டையில் சாயம் பூசி, ஈரத்தாளை மேலே விரித்து, மூங்கில் மடல் போர்த்திய ‘பாரென்’ என்ற வட்டால் தாளின் முதுகில் தேய்ப்பார். பணம் போட்டு எல்லாரையும் வேலை வாங்கியவர் பதிப்பாளர். ‘செதுக்கு’ இதில் ஒருவர் வேலையை மட்டும் சொல்கிறது.

துணிக்கு அச்சுப் போடுகிற கட்டையை அச்சுக்கட்டை என்கிறோம் அல்லவா? அதையே இங்கும் கொள்ளலாம். கருவி அச்சுக்கட்டை, முறை கட்டையச்சு, கைக்கு வருவது கட்டையச்சுப் படம். மூன்றும் ஒரே வேரிலிருந்து வருவதால் மாணவருக்கும் குழப்பம் இராது.

‘உகியோ-எ’ என்ற ஜப்பானிய ஓவிய வகைக்கும் இதையே வைக்கலாம் என்று குழுவின் அம்மா ஒருவர் எழுதியிருந்தார். கூடாது. தூரிகையால் நேரே வரைந்த உகியோ-எ ஓவியங்களும் உண்டு. அது ஒரு மரபின் பெயர். ‘உகியோ’ முதலில் பௌத்தர் வாயில் துயர உலகைக் குறித்தது. பிறகு அதே ஒலிக்கு ‘மிதக்கும்’ என்ற எழுத்தை மாற்றி எழுதி, இன்பத்தில் மிதக்கும் நகர வாழ்வைக் குறித்தார்கள். இந்தத் திருப்பத்தைத் தமிழில் ஒரே சொல்லில் கொண்டுவர முடியவில்லை. பெயரை அப்படியே வைத்து, விளக்கம் தருவோம்.

அடுத்து, பருவ விழாக்களை ஒட்டிய படங்களுக்குச் சொல்லப்படும் ‘திருவிழாப் படம்’. அது பொருந்தாது. ஓவியர் ஹிரோஷிகேயின் 1857ஆம் ஆண்டுப் படம் ஒன்றில், எடோவின் கணிகையர் பகுதியான யோஷிவாராவில் ஓர் அறையின் சன்னலில் வெள்ளைப் பூனை ஒன்று முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறது. தரையில் அதிர்ஷ்டத்தை வாரிக்கொள்ளும் பல் வைத்த குட்டி வாரி வடிவில் கொண்டை ஊசிகள். சேவல் நாள் விழாவின் கூட்டமோ வயலுக்கு அப்பால் எறும்புச் சாரையாகத் தெரிகிறது. விழாவை ஒட்டி வீட்டுக்குள் நடப்பதுதான் இங்கே படம். அதனால் ‘பருவ வழக்கப் படம்’ என்பதே என் விருப்பம்.

அப்புறம் ‘கெந்தோ’. நிறம் விலகாமல் விழ, ஒவ்வொரு கட்டையிலும் ஒரு மூலையிலும் ஓர் ஓரத்திலும் வெட்டிவைக்கும் அடையாளம். ‘பதிவுக்குறி’ என்றால் எழுதிவைப்பது என்றே பொருள்படும். தாளின் மூலையை அதில் அணைத்து வைக்கிறார்கள். ‘அணைகுறி’ என்றால் என்ன?

கடைசியாக ‘எகோயோமி’, எனக்கு மிகவும் பிடித்தது. பழைய ஜப்பானிய நாள்காட்டியில் 30 நாள் மாதங்கள் எவை, 29 நாள் மாதங்கள் எவை என்பது ஆண்டுதோறும் மாறும். நண்பர்களுக்குள் கொடுத்துக்கொண்ட படங்களில் அந்த எண்களை ஒளித்துவைப்பார்கள். ஓவியர் ஹருநோபு 1765க்குச் செய்த படத்தில் திடீர் மழையில் ஒரு பெண் கொடித் துணியை எடுக்க ஓடுகிறாள், ஒரு செருப்பு கழன்றுவிட்டது. ஆண்டும் நீண்ட மாதங்களும் அந்தத் துணியின் பூவேலைக்குள்ளேயே இருக்கின்றன! பல நிறக் கட்டையச்சு வளர்ந்ததே அந்த ஆண்டு இந்தப் படங்களுக்கு எழுந்த போட்டியில்தான். ‘நாள்காட்டிப் படம்’ என்றால் ஒளித்த விளையாட்டு போய்விடுகிறது. ‘மாதப்புதிர்ப் படம்’ வரை வந்திருக்கிறேன். இரண்டு ‘ப்’ அடுத்தடுத்து வருவது நாவில் இடறுகிறது. இதைவிட நல்லதாக யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.