லைன் வீட்டுக்காரங்க ஒட்டுக்கா நின்னா வாடகை ஏத்தறதைத் தடுக்க முடியுங்களா?

செக்கிங் அக்கா, திருப்பூர்:
போயம்பாளையம் பக்கம் லைன் வீடுங்க, எட்டுக் கதவு. ஒரு ரூம், ஒரு சமையக்கட்டு, ரெண்டு வீட்டுக்கு ஒரு கக்கூஸ். பதினோரு வருசமா இருக்கறோம். தை நோம்பி கழிஞ்சு 4,500-ஐ 5,200 ஆக்குனாரு. இப்ப ஆவணிலிருந்து 6,500-ங்கறாரு. முடியாட்டி வடக்கத்திப் பசங்க ரெடியா இருக்கறாங்களாம். கரண்டு யூனிட் 10 ரூபா. பனியன் கம்பெனில ஒன்றரை ஷிப்ட் செக்கிங் பாத்தாத்தான் சனிக்கிழமை கைல நாலு காசு நிக்குது, ஆர்டர் இல்லாத வாரம் அதுவுமில்ல.

எட்டு வீடும் சேந்து பேசலாம்னா, ஓனர் ஒவ்வொருத்தரயா மாடிக்குக் கூப்புட்டுப் பேசிப்போடறாரு. கெட்டவருன்னு சொல்ல மாட்டேன். மகளுக்குக் காச்சல் வந்தப்ப நடுராத்திரி கார் எடுத்தவரு. அதனாலயே எனக்கு வாய் வர மாட்டேங்குது. எழுத்து ஒண்ணுமில்லீங்க, 30,000 அட்வான்சும் அவரு டைரிலதான் இருக்குது.

பத்திர ஆபீஸ் குமாஸ்தா, ஈரோடு:
டைரிய நம்பாதீங்க. 2017 வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில அமலுக்கு வந்துச்சு. எழுத்து ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகாரிகிட்டப் பதியணும். இத்தனை ரூபாய்க்கு மேல வாங்கக் கூடாதுன்னு அந்தச் சட்டத்துல உச்சவரம்பு கெடையாது, ஒப்பந்தத்துல எழுதுனதுதான் பேசும். ஒப்பந்தம் போடலைங்கறதே காலி பண்ணச் சொல்லக் காரணமாயிரும், அதனால எழுத்து உங்களுக்குத்தான் முக்கியம். வேற மாதிரி எழுதிக்காத வரைக்கும் அட்வான்ஸ் மூணு மாச வாடகைக்கு மேல வாங்கக் கூடாது. தண்ணி, கரண்டக் கட் பண்ணவும் கூடாது. பழைய வாடகைய மட்டும் நிறுத்திப்போடாதீங்க, மாசாமாசம் பேங்க் வழியாப் போடுங்க.

ரெண்டு வீட்டு ஓனர், பல்லடம்:
நானும் லோன் கட்டறவன்தானுங்க. எட்டுப் பேர் கும்பலா வந்து நின்னா எனக்குக் கோவந்தான் வரும். உங்க ஓனர்கிட்ட ரெண்டு பேர் மட்டும் ஞாயித்துக்கிழமை காலைல போய்ப் பேசுங்க. எட்டுக்கும் ஒரே கரண்டு சர்வீஸ்னா யூனிட் கூடக்கூட ரேட்டும் ஏறிப்போகும், ஆனா 10 ரூபா எச்சுதான். தனித்தனி மீட்டர் கேளுங்க, இலவச யூனிட் அவங்கவங்களுக்கே கெடைக்கும்.

சிங்காநல்லூர்க்காரன், கோவை:
நாங்க ஆறு வீடு கூடுனோம். ஒரு வீடு ராத்திரியோட 500 எச்சாக் குடுத்துப்போட்டாங்க, அத்தோட போச்சு. ஒருத்தருகிட்டப் பேசுனது எல்லாருக்கும் தெரியணும்னு முன்னாலயே முடிவு பண்ணிக்குங்க. அந்த வடக்கத்திப் பசங்களயும் விட்டுப்போடாதீங்க. அவங்களக் காட்டித்தான உங்களப் பயமுறுத்தறாரு?

செக்கிங் அக்கா, திருப்பூர்:
நேத்துப் பின்னால லைன்ல இருக்கற ஒடியாப் பசங்ககிட்டப் போனேன். எனக்கு இந்தி அரைகொறை, அவனுக்குத் தமிழ் அரைகொறை. ஏழு பேர் ஒரே ரூமுக்குள்ள இருக்கறாங்க, தலைக்கு 1,300. கணக்குப் போட்டா 9,100 வருதுங்க! எங்கூட்டு அளவே ரூம். எங்களக் காலி பண்ணச் சொல்றது எதுக்குன்னு இப்பத்தான் வெளங்குச்சு. அவங்களுக்கும் கரண்டு யூனிட் 10 ரூபாதான், மீட்டர் கேக்க வர்றேங்கறாங்க. ஒட்டுக்காப் பேசறதுக்கு நம்ம பக்கத்துல ஆறு கதவு கையெழுத்துப் போட்டாச்சு. கடைசி வீட்டு அண்ணன் சம்சாரத்தக் கேட்டுச் சொல்றேன்னாரு. ஞாயித்துக்கிழமை மாடிக்கு நானும் அந்த ஒடியாப் பையனும் போறோம்.