பயாஸ் மீட்புக்குத் தனிச்சொல்: 'மீண்டெழல்', 'மீளெழுதுகை'

அனைவருக்கும் வணக்கம்.

தாய்ப்பலகையின் நிலைபொருளை (firmware: கணினியை எழுப்பும் அடிப்படை நிரல், பயாஸ் என்பது இதுதான்) இற்றைப்படுத்தும்போது (update) பாதியில் நின்றுபோய்க் கணினி எழும்பாமல் கிடந்தால், அதைச் சரிசெய்யும் வேலைக்கு 'மீட்பு' என்ற சொல்லே போதும் என்று கணினிக் கலைச்சொற்களுக்கான இந்த இழையில் சிலர் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

அந்த வேலை எப்படியோ நல்லபடியாக முடிந்தது என்று வைத்துக்கொள்வோம். வட்டை விண்டோஸின் மறையாக்க வசதியான பிட்லாக்கரால் பூட்டியிருந்தால், நிலைபொருள் மாறியிருப்பதைக் கண்டு அது 48 இலக்க 'மீட்பு'க் குறியீட்டைக் கேட்கக்கூடும். விண்டோஸ் தொடங்கத் தடுமாறினால் அதற்கென்று ஒரு 'மீட்பு'ச் சூழல் வந்து நிற்கும். தொலைந்த கோப்புகளைத் தேடி எடுப்பதும் 'தரவு மீட்பு'தான். ஏற்கெனவே பதறிப்போயிருக்கும் ஒருவருக்கு ஒரே மாலையில் இத்தனை மீட்புகள் என்றால், எதில் எதை இழப்போம் என்றே தெரியாது. பயாஸ் இருக்கும் சில்லில் (chip) எழுதும்போது வட்டிலுள்ள கோப்புகளை யாரும் தொடுவதில்லை. இது தெரியாமல் முதல் வேலையாக வட்டைக் கழற்றுபவர்கள் உண்டு. சொல் தெளிவாக இருந்தால் அந்தப் பயமாவது குறையும்.

> 'இற்றை மீட்பு' என்று வைக்கலாமே, எதனால் கெட்டது என்பதும் சேர்ந்துவிடும்.

இற்றைப்படுத்தலால் மட்டும் நிலைபொருள் கெடுவதில்லை. 1999 ஏப்ரல் 26 அன்று சிஐஎச் வைரஸ் பல கணினிகளின் பயாஸ் சில்லில் குப்பையை எழுதி அவற்றை எழும்பவிடாமல் செய்தது. காரணம் வேறு, செய்ய வேண்டிய வேலை அதேதான். ஆகவே காரணத்தைச் சொல்லுக்குள் கொண்டுவர வேண்டாம்.

சரி, உள்ளே நடப்பதைப் பார்ப்போம். நிலைபொருள் இருப்பது பெரும்பாலும் எட்டுக் கால்கள் கொண்ட ஒரு சின்னச் சில்லில். 16 மெகாபைட் சில்லு இன்று சாதாரணம். அதன் முதுகில் 25, 128 என்ற எண்கள் பொடியாகப் பொறித்திருக்கும். 128 என்பது மெகாபிட் கணக்கு, அதாவது 16 மெகாபைட். இந்த வகை நினைவகத்தில் பழையதன்மேல் அப்படியே எழுத முடியாது. ஒரு பகுதியை முதலில் அழிக்க வேண்டும், அப்போது அதிலுள்ள எல்லா பிட்டும் 1 ஆகும், அப்புறம்தான் புதியதை எழுத முடியும். அழித்து முடித்து எழுதத் தொடங்குமுன் மின்சாரம் போனால் அந்த இடம் வெறுமையாக நிற்கும். இன்டெல் செயலிகள் தம் முதல் ஆணையை 4 ஜிபி முகவரி எல்லைக்கு 16 பைட் முன்னால் தேடும். அந்த முகவரி இந்தச் சில்லின் கடைசிப் பகுதிக்குத்தான் போகிறது. அங்கே ஒன்றுமில்லை என்றால் விசிறி சுற்றும், விளக்கு எரியும், திரை கருப்பாகவே இருக்கும்.

இதிலிருந்து வெளிவர இரண்டு விதமான வழிகள் இருக்கின்றன. தனித்தனிச் சொல் வேண்டும் என்று நான் கேட்பது இங்கேதான்.

சில பலகைகளில், தொடக்கத் துண்டு (boot block) எனப்படும் சிறு பகுதியை இற்றைப்படுத்தும்போது அழிக்காமல் விட்டுவிடுவார்கள். மற்றதெல்லாம் கெட்டாலும் அது ஓடும்; பென்டிரைவில் சரியான பெயருள்ள கோப்பு இருக்கிறதா என்று பார்த்து எடுத்துக்கொள்ளும். வேறு சில பலகைகளில் இரண்டாவது சில்லு ஒன்று இருக்கும். முதலாவது கெட்டால் அதிலிருந்து நகலெடுத்துக்கொள்ளும். எஞ்சியிருக்கும் நிலைபொருள் தானே தன்னைத் தூக்கி நிறுத்திக்கொள்கிறது. இதற்கு 'மீண்டெழல்' என்று வைக்கலாம்.

மற்றது, நிலைபொருள் முழுக்கப் போய்விட்ட நிலை. சில்லைக் கிளிப்பால் கவ்விப்பிடித்து, நிரலேற்றி (சில்லில் எழுதும் கருவி) வழியாக இன்னொரு கணினியிலிருந்து எழுதுகிறோம். இங்கே கணினி எதுவும் செய்யவில்லை. எழுதுவது வெளியிலிருந்து வருகிறது. இதற்கு 'மீளெழுதுகை'. வினையாகவும் நன்றாக ஓடும்: சில்லை மீளெழுதினேன், மீளெழுதிய பிறகு எழும்பியது.

> பலகையின் பின்புறம் ஒரு பொத்தானை அழுத்தினால் தானாகவே எழுதிக்கொள்கிறதே, அது எதில் சேரும்?

நல்ல கேள்வி, நானும் இதில்தான் அதிகம் தயங்கினேன். ஆசுஸில் பயாஸ் ஃபிளாஷ்பேக், ஜிகாபைட்டில் கியூ-ஃபிளாஷ் பிளஸ் என்று ஒவ்வொருவரும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். செயலியோ ரேமோ பொருத்தாமலேகூட இது நடக்கும், மின்சாரம் வந்தால் போதும். அதாவது கெட்டுப்போன நிலைபொருளுக்கு இதில் பங்கே இல்லை. பலகையிலுள்ள தனிக் கட்டுப்படுத்திதான் எழுதுகிறது. பழைய நிலைபொருளில் மிஞ்சியது ஓடினால் மீண்டெழல், அது செயலற்றுக் கிடக்க வேறொன்று எழுதினால் மீளெழுதுகை. இந்த அளவுகோலின்படி இது மீளெழுதுகை.

தமிழில் இதற்கு வசதியாகத் தன்வினை, பிறவினை இருக்கின்றன. பயன்படாமல் போன நிலையைக் குறிக்க 'முடக்கம்' என்ற சொல் இங்கே முன்மொழியப்பட்டபோது, அது ஒரு வசதியை வேண்டுமென்றே நிறுத்தி வைப்பதற்கு ஏற்கெனவே புழங்குகிறது என்று ஒருவர் மறுத்திருந்தார். நியாயம்தான். ஆனால் நிறுத்தி வைப்பது முடக்குதல், தானாக நின்றுபோவது முடங்குதல். 'நிலைபொருள் முடங்கியது' என்றால் யாருக்கும் குழப்பம் வராது. ஆங்கிலத்தின் 'brick' என்பதை அப்படியே பெயர்த்த 'செங்கல்லாதல்' வேண்டாம். நமக்குச் செங்கல் என்றால் வீடு கட்டுகிற பொருள், செத்துப்போனது என்ற எண்ணமே அதில் வராது.

'நிலை' என்றால் மாறாதது, இற்றைப்படுத்துவதை எப்படி நிலைபொருள் என்பது என்ற பழைய கேள்வியும் திரும்ப வந்திருக்கிறது. 1967-இல் ஆஷர் ஓப்ளர் டேட்டாமேஷன் இதழில் இதன் ஆங்கில மூலச்சொல்லை உருவாக்கியபோதே, மாற்றி எழுதக்கூடிய கட்டுப்பாட்டு நினைவகத்திலிருந்த நுண்நிரலைத்தான் (microcode) குறித்தார். ஊன்றிப் புழங்கிவிட்ட சொல்லை இதற்காகக் கலைக்க வேண்டாம்.

பயாஸ் அமைப்புகளை நினைவில் வைத்திருக்க உதவும் சிமாஸ் மின்கலத்தைக் கழற்றிப் போடுவதையும் சிலர் பயாஸ் மீட்பு என்றே எழுதுகிறார்கள். அது அமைப்புகளை ஆரம்ப நிலைக்குக் கொண்டுபோகும், அவ்வளவுதான். நிரலே கெட்டிருந்தால் அதனால் பயனில்லை. அதற்கு 'மீட்டமைப்பு' என்பதை வைத்துக்கொண்டால் முடங்கிய பலகையில் மின்கலத்தை நோண்டிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

இடைமுகத்தில் இப்படி வரலாம்:

"நிலைபொருள் மீண்டெழுகிறது. மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டாம். வட்டிலுள்ள உங்கள் கோப்புகளுக்குப் பாதிப்பில்லை."

கையேட்டில் இப்படி:

"மீளெழுதுமுன் சில்லின் பழைய உள்ளடக்கத்தை இரண்டு முறை படித்து, இரண்டும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்த்துச் சேமிக்கவும்."

இந்த வரி எந்தக் கையேட்டிலும் விடுபடக் கூடாது. பிணைய அட்டையின் முகவரி, வரிசை எண், விண்டோஸ் உரிமக் குறியீடு எல்லாம் பல கணினிகளில் அந்தச் சில்லுக்குள்ளேதான் இருக்கின்றன. தயாரிப்பாளர் தளத்துக் கோப்பை அப்படியே எழுதினால் அவை போய்விடலாம். சில்லின் மின்னழுத்தத்தையும் அதே பத்தியில் சொல்லிவிட வேண்டும்: பெரும்பாலானவை 3.3 வோல்ட், சில 1.8 வோல்ட், 1.8 வோல்ட் சில்லுக்கு 3.3 கொடுத்தால் சில்லே போய்விடலாம்.

தொடக்கத் துண்டு என்பது மட்டும் எனக்கு இன்னும் முழு நிறைவு தரவில்லை. 'துண்டு' என்றால் வெட்டிப் போட்டது போல ஒலிக்கிறது. 'தொடக்கக் கட்டம்' என்றால் வேலையின் முதல் கட்டம் என்று பொருள்படுகிறது. வேறு யாருக்காவது நல்லது தோன்றினால் எழுதுங்கள், மற்ற சொற்களை அதற்குள் சொற்பட்டியலில் ஏற்றிவிடலாம்.