ஆறாம் ஜார்ஜ் 3 அணா: லித்தோவா, டைப்போவா?

திருமங்கலத்தில் தாத்தாவுக்கு வந்த பழைய கடிதங்களில் கிடைத்த ஆறாம் ஜார்ஜ் 3 அணா தபால் தலைகள் இரண்டு. எது எந்த அச்சு என்று பிரிக்க முடியவில்லை. 1940களில் நாசிக்கில் இதை முதலில் லித்தோவிலும் (சமதளத் தகட்டிலிருந்து அச்சடிப்பது) அப்புறம் டைப்போவிலும் (மேடான அச்சில் மை தடவி அழுத்தி அச்சடிப்பது) அச்சடித்தார்கள். தலைகள் மொத்தமாக அச்சான தாளின் ஓரத்தில் ஜூபிலி கோடு (தலைகளைச் சுற்றி ஓடும் அச்சுக் கோடு) இருந்தால் டைப்போதான். ஆனால் இவை தனித் தலைகள், ஓரமே இல்லை.

10 மடங்கு லென்ஸில் பார்த்தேன். ஒன்றில் எழுத்தின் விளிம்பில் மை பிதுங்கி அடர்ந்திருக்கிறது, மற்றதில் சீராகப் படிந்திருக்கிறது. தண்ணீரில் ஊறவைத்து எடுத்தவை என்பதால் பின்பக்கம் அழுத்தத் தடம் எதுவும் தெரியவில்லை. ஸ்கேனைப் பெரிதாக்கினால் காகித நார்தான் தெரிகிறது. மதுரைச் சேகரிப்பாளர்கள் நிறத்தை வைத்துச் சொல்கிறார்கள். இத்தனை வருடம் கழித்து நிறத்தை நம்ப எனக்கு மனம் வரவில்லை.

மை பிதுங்கியிருப்பதை மட்டும் வைத்து டைப்போ என்று முடிவு செய்யலாமா?